கொரியாவுல ஒரே அனாதைப் பசங்க ஹோம்ல இருந்தோம்னு டென்மார்க்ல இருந்து ஒருத்தங்க என் வீட்டுக்காரருக்கு எழுதிருக்காங்க, இத எப்படி எடுத்துக்கறது?

மினசோட்டா மருமகள் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிங்க ப்ளீஸ். எனக்கு சொந்த ஊரு திருமங்கலம், மதுரை பக்கம். இப்ப மினசோட்டாவுல இருக்கேன். என் வீட்டுக்காரர் கொரியாவுல பிறந்தவரு, 1979 ஆகஸ்ட்ல நாலு நாலரை வயசுல இங்க ஒரு குடும்பத்துக்கு தத்து வந்தவரு. இந்த ஸ்டேட்ல அப்படி வந்தவங்க ரொம்ப பேரு இருக்காங்க, எங்க தெருவுலயே இன்னொருத்தர் இருக்காரு, ஆனா இவரு அதப் பத்தி யார்கிட்டயும் பேச மாட்டாரு. என்கிட்டயே கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு தடவ பேப்பர எடுத்துக் காட்டி இதான் எனக்குத் தெரிஞ்சது, இதுக்கு மேல எதுவும் இல்லன்னு சொல்லி உள்ள வெச்சுட்டாரு.

அந்தப் பேப்பர்ல இருக்கறது ரொம்ப கொஞ்சம்தான். 1979 பிப்ரவரியில டேகு ஊர்ல சோமுன் மார்க்கெட் பக்கத்துல தனியா நின்னுட்டு இருந்தான், போலீஸ் கூட்டிட்டுப் போய் ஹோம்ல சேத்தாங்க, அப்பா அம்மா யாருன்னு தெரியாது, சொந்தக்காரங்க யாரும் கிடையாது. அவ்ளோதான். கூட ஒரு போட்டோ, நெஞ்சுல நம்பர் எழுதின அட்டையப் புடிச்சிட்டு மொட்டத் தலையோட நிக்கறாரு.

பல வருஷம் முன்னாடி காலேஜ் ஃப்ரெண்டு ஒருத்தர் சொன்னாருன்னு அந்தப் போட்டோவ தத்து வந்தவங்களோட ஒரு ஃபேஸ்புக் குரூப்ல போட்டிருக்காரு, போட்டதயே மறந்துட்டாரு. போன மாசம் டென்மார்க்ல இருந்து ஒரு அம்மா மெசேஜ் பண்ணிருக்காங்க. அவங்களும் கொரியாவுல இருந்து போனவங்க, இவர விட ரெண்டு மூணு வயசு பெரியவங்க, டேகுல அதே ஹோம்ல இருந்தாங்களாம். கூடவே ஒரு போட்டோ. 1978 கிறிஸ்மஸுக்கு அங்க இருந்த அமெரிக்க மிலிட்டரிக்காரங்க ஹோமுக்கு வந்து பசங்களுக்கு பார்ட்டி வெச்சப்ப எடுத்தது, அந்த சோல்ஜர் ஒருத்தரோட குடும்பம் இப்ப ஆன்லைன்ல போட்டிருக்காங்க. ரெண்டு வரிசையா பசங்க, எல்லார் கையிலயும் மிட்டாய் பொட்டலம், முன் வரிசையில ஓரமா ஒரு சின்னப் பையன், இடது புருவத்துக்கு மேல பிளாஸ்திரி. என் வீட்டுக்காரருக்கு அதே எடத்துல தழும்பு இருக்கு. ஸ்வெட்டரும் அவர் தத்து போட்டோவுல போட்டிருக்கறதே மாதிரி இருக்கு.

அதோட நிக்கல. அவங்க எழுதிருக்காங்க, "உன்னப் பாக்க ஒரு பாட்டி வருவாங்க. வேகவெச்ச சக்கரவள்ளிக் கிழங்கு துணியில சுத்தி எடுத்துட்டு வருவாங்க. அவங்க கெளம்பும்போது நீ கேட்டப் புடிச்சிட்டு அழுவ, நான்தான் உன்ன உள்ள தூக்கிட்டு வருவேன்"னு. ரெண்டு குளிர்காலம் நம்ம ஒண்ணா இருந்தோம், பக்கத்துப் பக்கத்துல படுப்போம்னும் எழுதிருக்காங்க.

இவரு அதப் படிச்சுட்டு லேப்டாப்ப மூடிட்டு கராஜுக்குப் போயிட்டாரு. நைட் வரைக்கும் வரல. அடுத்த நாள் என்கிட்ட சொன்னாரு, இது நானா இருக்க முடியாது, அந்தம்மா 1979 ஜனவரியிலயே டென்மார்க் போயிட்டாங்க, நான் ஹோமுக்கு வந்ததே பிப்ரவரியில, நாங்க ரெண்டு பேரும் ஒரு நாள் கூட ஒண்ணா இருந்திருக்க முடியாதுன்னு. பேப்பர்படி பாத்தா அவர் சொல்றது சரிதான். ஆனா தழும்பு? இன்னொண்ணு, அந்தம்மாவோட கொரியப் பேர்லயும் இவர் கொரியப் பேர்லயும் குடும்பப் பேரு ஒண்ணா இருக்கு. அக்கான்னு சொல்லிட்டு வர்றாங்களோன்னு ஒரு பயமும் அவருக்கு இருக்கு.

என் மாமியார், அதாவது தத்தெடுத்த அம்மா, எண்பது தாண்டினவங்க, தங்கமானவங்க. இதெல்லாம் கிளறினா அவங்க மனசு கஷ்டப்படும்னு இவர் நெனைக்கறாரு. எனக்கு என்னன்னா அந்தம்மாவுக்கு ஒரு பதில் கூட போடாம விடறது மனசுக்கே ஆகல. கொரியாவுல இருக்கற நம்மாளுங்க, இல்ல இதப் பத்தி தெரிஞ்சவங்க யாராவது சொல்லுங்க. பேப்பர நம்பறதா, அந்தம்மாவ நம்பறதா?

---

டேகுவாசி எழுதியது:

அக்கா, நான் டேகு பக்கத்துல கியோங்சான்ல யுனிவர்சிட்டியில ஆராய்ச்சி பண்ணிட்டு இருக்கேன், இங்க வந்து ரொம்ப வருஷம் ஆச்சு. கொரியன் ஓரளவு நல்லா வரும்ங்கறதால ஊரத் தேடி வர்ற தத்துப் பிள்ளைங்களுக்கு துணைக்குப் போய் பேசிக் குடுக்கற வேலை அப்பப்ப செய்யறேன். அவங்களப் பிள்ளைங்கன்னு சொல்றேன், எல்லாரும் அம்பது வயசுக்காரங்க.

மொதல்ல தேதி விஷயம். ஃபைல்ல ரொம்ப நம்ப முடியாதது தேதியும் "கண்டெடுத்த" கதையும்தான். ஒரு குழந்தைய வெளிநாட்டுக்கு அனுப்பணும்னா அது அனாதைன்னு காட்ட ஒரு தனி குடும்பப் பதிவேடு தேவை, அதுல அந்தக் குழந்தை ஒத்தையா இருக்கும், அப்பா பேரு அம்மா பேரு எடம் காலியா இருக்கும். வீட்டுல ஆளுங்க இருந்தாலும் இப்படித்தான் போட்டாங்க. பல கேஸ்ல குழந்தை ஹோம்ல ஒரு வருஷம் ரெண்டு வருஷம் இருந்தப்புறம்தான், தத்துக்குன்னு முடிவாகும்போது, அந்தப் பேப்பரத் தயார் பண்ணாங்க. அதனால பிப்ரவரி 1979ங்கறது உங்க வீட்டுக்காரர் ஹோமுக்கு வந்த நாளா இல்ல பேப்பர் வேலை ஆரம்பிச்ச நாளாங்கறது மொதல்ல பாக்க வேண்டியது. மார்க்கெட், ஸ்டேஷன், போலீஸ் பூத் இந்த மூணு எடமும் இந்த ஃபைல்கள்ல திரும்பத் திரும்ப வரும். சிலது நெஜமா நடந்தது, சிலது ஃபாரத்த நிரப்ப எழுதினது.

குடும்பப் பேரு ஒண்ணா இருக்கறத வெச்சு எதுவும் முடிவு பண்ண வேண்டாம். பேர் தெரியாம வந்த பசங்களுக்கு ஹோமோட டைரக்டர் தன் குடும்பப் பேரையே வெச்சு விட்டுருவாரு, ஒரே ஹோம்ல இருந்து போன முப்பது நாப்பது பேருக்கு ஒரே பேரு இருக்கும். அந்தம்மா தன்ன அக்கான்னு சொல்லிருக்காங்களா? நீங்க எழுதினதப் பாத்தா அப்படிச் சொல்லலையே. ஸ்வெட்டரையும் வுட்டுருங்க, ஹோம்ல துணி எல்லாம் பொது, இன்னிக்கு இவன் போடறத நாளைக்கு அவன் போடுவான். தழும்பு அப்படி இல்ல. பாட்டி கதையும் அப்படி இல்ல, ஏன்னா அது எந்தப் பேப்பர்லயும் வராத விஷயம்.

இங்க ஹோம்ல விட்ட எல்லாரும் தூக்கிப் போட்டுட்டுப் போனவங்க கிடையாது அக்கா. அப்பா செத்துட்டாரு, அம்மா வேற ஊர்ல மில்லு வேலைக்குப் போயிட்டாங்க, பாட்டியால சோறு போட முடியல, கொஞ்ச நாள் ஹோம்ல இருக்கட்டும், நெலம சரியானதும் கூட்டிக்கலாம்னு விட்டவங்க எத்தனையோ பேரு. திரும்பி வந்து பாத்தா பிள்ளை அமெரிக்கா போயிருச்சுன்னு சொல்லிருக்காங்க. நான் துணைக்குப் போன ஒரு தடவ எண்பது வயசு தாண்டின ஒரு அம்மா, தன் பிள்ளை கையப் பிடிச்சுட்டு இதையேதான் சொல்லிச் சொல்லி அழுதாங்க, நான் உன்ன குடுக்கல, குடுக்கலன்னு. நான் அத மொழிபெயர்க்க வேண்டி வந்துச்சு, எனக்கு தொண்டை அடைச்சுருச்சு.

இப்ப என்ன பண்ணலாம். அமெரிக்காவுக்கு அனுப்பின இங்கிலீஷ் ஃபைல் வேற, இங்க தத்து ஏஜென்சி வெச்சிருந்த கொரிய ஃபைல் வேற, ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்தா ஒண்ணுல இல்லாதது ஒண்ணுல இருக்கும். மூணாவதா ஹோமே வெச்சிருக்கற சேர்க்கை ரெஜிஸ்டர். அதான் முக்கியம், அதுல யார் கொண்டுவந்து விட்டாங்கன்னு ஒரு கட்டம் இருக்கும். 2012ல சட்டம் மாத்துனதுக்கப்புறம் தத்து போனவங்க தங்களப் பத்தின தகவல கேட்டு வாங்கற உரிமை இருக்கு, இப்ப அதக் கவனிக்கறது குழந்தைகள் உரிமைக்கான தேசிய மையம்னு ஒரு அரசு அமைப்பு. ஏஜென்சிங்க கிட்ட இருந்த ஃபைல்கள் எல்லாம் 2025 ஜூலையில இருந்து அவங்க கைக்கு மாற ஆரம்பிச்சுது, அதனால கொஞ்சம் லேட் ஆகலாம், பொறுமையா இருங்க. பெத்தவங்க பேரு அட்ரஸ் மட்டும் அவங்க சம்மதம் இல்லாம தர மாட்டாங்க. பதிவுத் தபால் அனுப்புவாங்க, பதில் வரலன்னா அந்தக் கதவு அப்படியே நிக்கும். பலருக்கு அங்கதான் ரொம்ப வலிக்குது.

இன்னொண்ணு, இத ரொம்ப முக்கியமா சொல்றேன். உங்க வீட்டுக்காரர் கிட்ட அமெரிக்க பாஸ்போர்ட் இருக்கா? 2000த்துல வந்த சட்டம் 2001 பிப்ரவரி 27 அன்னிக்கு பதினெட்டு முடியாதவங்களுக்குத்தான் தானா சிட்டிசன்ஷிப் குடுத்துச்சு. அதுக்கு மேல வயசானவங்களுக்கு தத்தெடுத்தவங்க தனியா அப்ளை பண்ணிருக்கணும், பண்ணாம விட்டவங்க நெறைய. அப்படி விடுபட்டு கொரியாவுக்கே திருப்பி அனுப்பப்பட்டவங்க இருக்காங்க, மொழி தெரியாம இங்க தெருவுல நின்னவங்கள நான் கேள்விப்பட்டிருக்கேன். டிக்கெட் போடறதுக்கு முன்னாடி இதப் பாத்துருங்க.

---

கோவை மணி எழுதியது:

சகோதரி, தப்பா எடுத்துக்காதீங்க, எனக்கு கொஞ்சம் பயமாத்தான் இருக்கு. முகம் தெரியாத ஆளு, பழைய போட்டோ, பாட்டி கதை, இதெல்லாம் வெச்சு மனுஷங்களோட மனச ஆட்டி வெக்கிறவங்க நெட்ல நெறைய. பணம் ஏதாவது கேட்டாங்களா? ஆறு ஏழு வயசு ஞாபகம் வேற. அவங்க பொய் சொல்லலன்னாலும் வேற எந்தப் பையனையோ இவர்னு நெனச்சுட்டு இருக்கலாம் இல்ல. டிஎன்ஏ டெஸ்ட் எடுக்காம ஒரு அடி கூட வெக்காதீங்கன்னுதான் நான் சொல்வேன்.

---

மினசோட்டா மருமகள் எழுதியது:

டேகுவாசி தம்பி, இவ்ளோ எழுதினதுக்கு ரொம்ப நன்றி. பாஸ்போர்ட் இருக்கு, மாமனார் அப்பவே எல்லாம் பண்ணி வெச்சிருக்காரு. மணி அண்ணா, பணம் எதுவும் கேக்கல. ஒரே ஒரு மெசேஜ்தான், அதுக்கப்புறம் ஒண்ணும் இல்ல. கடைசி வரியில "பதில் போடணும்னு கட்டாயம் இல்ல, நீ உயிரோட நல்லா இருக்கன்னு தெரிஞ்சா போதும்"னு எழுதிருந்தாங்க. அதான் எனக்கு உறுத்திட்டே இருக்கு. டிஎன்ஏ பத்தி, அக்கா தம்பியே இல்லன்னா டெஸ்ட்ல என்ன தெரியும்?

---

ஹேர்னிங் அன்ரி எழுதியது:

தங்கச்சி, நான் டென்மார்க்கில ஹேர்னிங் பக்கம் இருக்கிறன், யாழ்ப்பாணத்தில இருந்து வந்து முப்பது வருசத்துக்கு மேல. இஞ்ச முதியோர் இல்லத்தில வேலை. என்னோட வேலை செய்யிற ஒரு பிள்ளை கொரியாவில இருந்து தத்து வந்தவா, பிள்ளை எண்டாலும் அவாவுக்கும் அம்பத்திரண்டு வயசு. டென்மார்க் சின்ன நாடு, இஞ்சயே கிட்டத்தட்ட ஒன்பதாயிரம் பேர் அப்பிடி வந்திருக்கினம். ஊர்ப் பள்ளிக்கூடத்தில வகுப்பில அவா ஒராள்தான் கறுத்த தலைமயிர். எங்கட ஆக்கள் எண்பதுகளில இஞ்ச வரேக்க எங்களப் பார்த்தே அவா சந்தோசப்பட்டவாவாம், தன்னை மாதிரி வெள்ளை இல்லாத ஆக்கள் எண்டு.

அவாவுக்கும் இப்பிடித்தான் ஒரு ஆள் கிடைச்சது. சுவீடனில இருந்து. இவையள் எல்லா நாட்டிலயும் தங்களுக்கெண்டு சங்கம் வைச்சிருக்கினம், சுவீடன்காரர் 1986லயே துவங்கிட்டினம், 1999ல வாஷிங்டனில முதல் பெரிய ஒன்றுகூடல், நானூறு பேர் மட்டில வந்தவை, பிறகு கொரியாவின்ர தலைநகர் சோலிலயும் வைக்கிறவை. அப்பிடி ஒரு ஒன்றுகூடலில ஆரோ ஒராள் ஹோமின்ர பேரைச் சொல்ல, இவா நானும் அங்கதான் எண்டு சொல்ல, அப்பிடித் துவங்கினது.

முதல் நாள் என்ன செய்தவை தெரியுமோ? ரெண்டு பேரும் ஒரு கடதாசியில ஹோமைப் படமாக் கீறினவை. ஒராள் கேற்றைக் கீற மற்றவா தண்ணிப் பைப்பைக் கீற, இல்லை இல்லை பைப் மதிலோட எண்டு அழிச்சுத் திருப்பிக் கீற, சின்னப் பிள்ளையள் படுக்கிற அறை எது, சூடு வாற பக்கம் எது, ஆர் சூட்டுப் பக்கம் படுக்கிறது எண்டதுக்கு பெரிய பிள்ளையளின்ர சண்டை எல்லாம் வந்திட்டுதாம். கொரியன் ரெண்டு பேருக்கும் தெரியாது, ஒராளின்ர டேனிஷ் மற்றவாவுக்கு அரைகுறையாத்தான் விளங்கும், ஆனாப் படத்தில பிழை விடேல்லை. அந்தக் கடதாசியை அவா சட்டம் போட்டு வீட்டுச் சுவரில வைச்சிருக்கிறா, நான் போகேக்கையெல்லாம் பாக்கிறனான். அவா சொன்னவா, இவ்வளவு காலமும் அந்த அறை கனவோ உண்மையோ எண்டு எனக்குத் தெரியாமல் இருந்தது அன்ரி, நான் பைத்தியம் இல்லை எண்டு அண்டைக்குத்தான் தெரிஞ்சது எண்டு.

பிறகு ரெண்டு பேரும் டிஎன்ஏ பார்த்தவை. சகோதரியா இருக்க வேணும் எண்டு சரியான ஆசை. இல்லை எண்டு வந்திட்டுது, ஒரு தூரத்துச் சொந்தம் கூட இல்லை. ஒரு கிழமை அழுதவா. ஆனா அதுக்குப் பிறகும் ஒவ்வொரு கோடைக்கும் அந்தப் பிள்ளை இஞ்ச வாறா, இவான்ர பிள்ளையள் அவாவைப் பெரியம்மா முறையிலதான் வைச்சிருக்குதுகள். தங்கச்சி, மணித் தம்பி சொல்லுறதும் எனக்கு விளங்குது, கவனமா இருக்கிறது நல்லதுதான். ஆனா ஒரே அறையில படுத்து எழும்பின பிள்ளைக்கு டிஎன்ஏ என்னத்தைச் சொல்லப்போகுது? உங்கட அவருக்கு ரெண்டு வயசில இருந்து நாலு வயசு வரைக்கும் அவர் எப்பிடி இருந்தவர் எண்டு பார்த்த ஆள் இந்த உலகத்தில இப்ப அந்தப் பெண் ஒராள்தான். அந்தக் காலம் தாய் தேப்பனுக்கும் தெரியாது, இப்ப இருக்கிற அம்மாவுக்கும் தெரியாது.

அவா "கட்டாயம் இல்லை" எண்டு எழுதினதை வாசிக்கேக்க எனக்குக் கண்ணீர் வந்திட்டுது. ஏழு வயசில ஒரு சின்னனைத் தூக்கி வைச்சிருந்திட்டு ஒரு நாள் காலமை அவனை விட்டிட்டு பிளேனில ஏறின பிள்ளை. அவா நாப்பது வருசத்துக்கு மேல அவனை நினைச்சுக்கொண்டு இருந்திருக்கிறா. ரெண்டு வரி எழுதச் சொல்லுங்கோ.

எங்கட இலங்கையில இருந்தும் எண்பதுகளில ஆயிரக்கணக்கில குழந்தையள் நெதர்லாந்துக்கும் மற்ற நாடுகளுக்கும் பொய்ப் பேப்பரோட வந்ததுகள். அதுகளும் இப்ப தேடித் திரியுதுகள். அதால இந்தக் கதை எனக்கு ஆற்றையோ கதை மாதிரி இல்லை.

---

பழைய பேப்பர் எழுதியது:

அன்ரி எழுதினதுக்கு அப்புறம் நான் எழுத என்ன இருக்குன்னு தோணுது, ஆனா மணி சார் "ஞாபகம் தப்பா இருக்கலாம்"னு சொன்னதுக்காக கொஞ்சம் பின்னணி சொல்லணும், ஏன்னா இந்த விஷயத்துல தப்புன்னு நிரூபணம் ஆனது பெரும்பாலும் பேப்பருதான்.

இது ஆரம்பிச்சது கொரியப் போர் முடிஞ்சப்ப. 1955ல ஓரிகான்ல இருந்து ஹாரி ஹோல்ட், பெர்தா ஹோல்ட்னு ஒரு தம்பதி எட்டு கொரியக் குழந்தைங்கள தத்தெடுத்தாங்க, அதுக்குன்னே அமெரிக்க காங்கிரஸ்ல தனிச் சட்டம் போட வேண்டி இருந்துச்சு. அப்ப பெரும்பாலும் போர்ல அனாதையானவங்களும் சோல்ஜர்களுக்குப் பிறந்த குழந்தைங்களும். ஆனா இந்தப் பழக்கம் போரோட நிக்கல, நாடு பணக்கார நாடா ஆக ஆக எண்ணிக்கை ஏறிச்சு, 1985ங்கற ஒரே வருஷத்துல மட்டும் 8,837 குழந்தைங்க, அதாவது தினமும் இருபத்திநாலு குழந்தைங்க பிளேன் ஏறிருக்காங்க. கல்யாணம் ஆகாத அம்மாக்கள், ஏழைங்க, இவங்களுக்கு ஒரு உதவியும் செய்யாம குழந்தைய அனுப்பறதே அரசாங்கத்துக்கு சுலபமா இருந்துச்சு. 1988 சோல் ஒலிம்பிக்ஸ் சமயத்துல வெளிநாட்டுப் பத்திரிகைங்க குழந்தை ஏற்றுமதின்னு எழுதி மானம் போனதுக்கப்புறம்தான் குறைய ஆரம்பிச்சுது. மொத்தத்துல ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்குக் குறையாம போயிருக்காங்க, ரெண்டு லட்சம்னும் சொல்றாங்க.

நாலு ஏஜென்சி, ஒவ்வொண்ணுக்கும் வெளிநாட்டுல தனித்தனி பார்ட்னர். ஹோம்ல பக்கத்துப் பக்கத்துல படுத்த குழந்தைங்க ஒண்ணு டென்மார்க், ஒண்ணு மினசோட்டா, ஒண்ணு பிரான்ஸ்னு போனது இப்படித்தான், எந்த நாட்டுல இருந்து கேட்டாங்களோ அங்க. கூடப் பிறந்ததுங்களையே பிரிச்சிருக்காங்க. 2015ல ஃப்ளோரிடாவுல சரசோட்டான்னு ஒரு ஊர்ல, ஒரே ஆஸ்பத்திரியில ஒரே மாடியில வேலை பாத்த ரெண்டு நர்ஸு, ரெண்டு பேரும் கொரியாவுல இருந்து எழுபதுகள்ல தத்து வந்தவங்க, பேசிப் பழகி டெஸ்ட் எடுத்துப் பாத்தா அக்கா தங்கச்சி. அதுல ஒருத்தங்க தனக்கு ஒரு தங்கச்சி இருக்கறதா சின்ன வயசுலேர்ந்து சொல்லிட்டே இருந்தவங்க. ஹோம் கிட்ட கேட்டப்ப அப்படி எந்த ரெக்கார்டும் இல்லன்னு சொல்லிட்டாங்க. யாரு சரியா இருந்தாங்கன்னு பாருங்க.

2022 ஆகஸ்ட்ல டென்மார்க் தத்துப் பிள்ளைங்கதான், பீட்டர் மோலர்ங்கற வக்கீல் முன்னால நின்னு, கொரியாவோட உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்துக்குப் போனாங்க. அப்புறம் மத்த நாட்டுக்காரங்களும் சேந்து 367 பேரு, பதினோரு நாட்டுல இருந்து. 2025 மார்ச்ல ஆணையம் முதல் கட்டமா 56 பேரோட மனித உரிமை மீறப்பட்டதுன்னு சொல்லுச்சு. பெத்தவங்க இருக்கும்போதே அனாதைன்னு பொய்யாப் பதிஞ்சது, ஒரு குழந்தை செத்துப் போயிட்டா இல்ல வீட்டுக்காரங்க வந்து கூட்டிட்டுப் போயிட்டா அந்தப் பேர்ல வேற குழந்தைய அனுப்பினது, எல்லாம் அதுல இருக்கு. அக்டோபர்ல அந்த நாட்டு அதிபர் லீ ஜே மியங் மன்னிப்பும் கேட்டாரு. இந்த ஆள் மாத்தினது மட்டும் மனசுல வெச்சுக்கோங்க மேடம். உங்க வீட்டுக்காரர் கையில இருக்கற ஃபைலு அவரோடதே இல்லாமக் கூட இருக்கலாம். அதனாலயும் டிஎன்ஏ அவசியம்.

டெஸ்ட்ல என்ன தெரியும்னு கேட்டீங்க. கொரியாவுல பொதுமக்கள் இந்த வம்சாவளி டெஸ்ட் அவ்வளவா எடுக்கறதில்ல, சட்டக் கட்டுப்பாடு இருக்கு, அதனால அமெரிக்க கம்பெனிங்க டேட்டாபேஸ்ல கொரியர்னு இருக்கறவங்கள்ல தத்து வந்தவங்க நெறைய பேரு. அதனால அடிக்கடி கிடைக்கறது அம்மா அப்பா இல்ல, வேற நாட்டுக்குப் போன இன்னொரு தத்துப் பிள்ளை, ஒண்ணுவிட்ட அண்ணன் தங்கச்சி மாதிரி. 325காம்ரான்னு தத்துப் பிள்ளைங்களே நடத்தற அமைப்பு கிட் இலவசமாக் குடுக்கறாங்க. பெத்தவங்களத் தேடணும்னா 2020 ஜனவரியில இருந்து கொரியத் தூதரகத்துலயே சாம்பிள் குடுக்கலாம், கொரியப் போலீஸ் வெச்சிருக்கற காணாமப் போனவங்க டேட்டாபேஸோட ஒப்பிட்டுப் பாப்பாங்க. உங்களுக்கு சிகாகோ கான்சலேட்.

---

மினசோட்டா மருமகள் எழுதியது:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. ஹேர்னிங் அக்கா எழுதினத நான் அவருக்கு வரிக்கு வரி இங்கிலீஷ்ல படிச்சுக் காட்டினேன். அந்தக் கடதாசிப் படம் வந்த எடத்துல நிறுத்தச் சொன்னாரு. கொஞ்ச நேரம் கழிச்சு, பைப்பு எந்தப் பக்கம்னு எனக்கும் தெரியும்னு சொன்னாரு. இத்தன வருஷத்துல அவர் வாயில இருந்து அந்த ஊரப் பத்தி ஒரு வார்த்தை வந்தது அன்னிக்குத்தான்.

ஞாயித்துக்கெழம வீடியோ கால் பேசினாங்க. நான் பக்கத்து ரூம்ல இருந்துட்டேன், கதவு தெறந்துதான் இருந்துச்சு. இவரு மொதல்ல கேட்டது பாட்டியப் பத்தி, எப்படி இருப்பாங்க, என்ன பேரு, எந்த ஊர்ல இருந்து வருவாங்கன்னு. அவங்க தெரியாது, எனக்கு கிழங்கு மட்டும்தான் ஞாபகம் இருக்கு, முகம் ஞாபகம் இல்ல, நான் எதையாவது சேத்துச் சொல்லிட்டா உனக்குப் பாவம்னு சொல்லிட்டாங்க. அதுக்கப்புறம்தான் இவரு அவங்கள முழுசா நம்பினாருன்னு நெனைக்கறேன். மணி அண்ணா, உங்க பயம் தப்பில்ல, ஆனா ஏமாத்த வர்றவங்க தெரியாதுன்னு சொல்ல மாட்டாங்க இல்லையா. புருவத் தழும்பு எப்படி வந்துச்சுன்னும் சொன்னாங்க. கரி அடுப்பு பக்கத்துல இருந்த தகர வாளியில விழுந்தாராம், டாக்டர் யாரும் வரல, ஹோம்ல சமைக்கற அம்மாதான் துணி வெச்சுக் கட்டினாங்களாம்.

மாமியார் விஷயம் நான் பயந்ததுக்கு நேர் எதிரா போச்சு. இவரே போய் சொன்னாரு. அவங்க எந்திரிச்சுப் போய் சீடர் மரப் பொட்டியத் தெறந்து ஒரு பை எடுத்துட்டு வந்தாங்க, இவர் வந்து எறங்கினப்ப போட்டிருந்த சட்டை, ஒரு ஜோடி ரப்பர் ஷூ, உள்ளங்கை நீளம் கூட இல்ல. நீ கேப்பன்னுதான் வெச்சிருந்தேன், நீ கேக்கவே இல்லன்னு சொன்னாங்க. அதுக்குள்ள இன்னொரு போட்டோவும் இருந்துச்சு, இவர் பாத்ததே இல்ல. தத்து வந்தப்ப ஃபைலோட வந்ததாம், பின்னாடி பேனாவுல கொரியன்ல ஏதோ எழுதி ஒரு ஊதா சீல் வெச்சிருக்கு. அப்ப அந்த ஊர்ல படிக்கத் தெரிஞ்சவங்க யாரும் இல்ல, அப்படியே எடுத்து வெச்சுட்டாங்க. டேகுவாசி தம்பி, உங்களுக்கு அனுப்பினா பாத்துச் சொல்வீங்களா?

---

டேகுவாசி எழுதியது:

இங்க பொதுவுல போடாதீங்க அக்கா, எனக்கு தனி மெசேஜ்ல அனுப்புங்க. பெரிய சைஸ்ல ஸ்கேன் பண்ணி, சீல் தெளிவா வர்ற மாதிரி.

---

டேகுவாசி எழுதியது:

பாத்துட்டேன். அக்கா கிட்ட கேட்டுட்டுத்தான் இங்க எழுதறேன், பேரு எதுவும் போடல.

சீல் அந்த ஹோமோடது, ஏஜென்சியோடது இல்ல. எழுதியிருக்கறது மூணே விஷயம், இவரோட கொரியப் பேரு, ஹோம்ல குடுத்த வரிசை நம்பர், ஹோம்ல சேந்த தேதி. தேதி 1977 அக்டோபர். அதாவது மார்க்கெட்ல கண்டெடுத்ததா ஃபைல்ல சொல்ற நாளுக்கு ஒரு வருஷத்துக்கும் முன்னாடியே இவரு ஹோம்ல இருந்திருக்காரு. டென்மார்க் அம்மா ரெண்டு குளிர்காலம்னு சொன்னாங்க இல்ல, 77 ஒண்ணு, 78 ஒண்ணு, கணக்கு சரியா வருது.

தகவல் கேக்கற விண்ணப்பத்துல வெறும் 1979 ஃபைல மட்டும் கேட்டா அத மட்டும்தான் தருவாங்க. இந்தப் போட்டோவோட ரெண்டு பக்கத்தையும் இணைச்சு, அந்த வரிசை நம்பரக் குறிப்பிட்டு, 1977ம் வருஷ சேர்க்கை ரெஜிஸ்டர்னு தனியா எழுதிக் கேளுங்க. கொண்டுவந்து விட்டவங்க யாருங்கற கட்டம் அதுலதான் இருக்கும். டென்மார்க் அம்மாவும் அதே வருஷ ரெஜிஸ்டருக்கு தனியா ஒரு விண்ணப்பம் போடட்டும், ஒருத்தருக்கு இல்லன்னு சொன்னா இன்னொருத்தருக்குக் கிடைக்க வாய்ப்பு இருக்கு. அந்த ஹோம் இப்பவும் டேகுல இயங்குது, கட்டடம் மட்டும் புதுசு. விண்ணப்பத்துக்கான கொரிய வாசகம் நான் எழுதி இன்னிக்கு ராத்திரிக்குள்ள அனுப்பறேன், அவர் கையெழுத்து மட்டும் போட்டா போதும்.